போனஃபைடு சான்று: அந்தக் காகிதம் யாரை நம்பச் சொல்கிறது?

9 ஜூன் 2025: காட்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி

என் பையன் 2019-இல் பிளஸ் டூ முடித்தான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பள்ளியிலிருந்து போனஃபைடு வாங்கி வரச் சொல்கிறார்கள். பள்ளியில் போய்க் கேட்டால், "இப்ப இங்க படிக்கல, போனஃபைடு தர முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். போனஃபைடு என்றால் நம்பத்தகுந்தவர் என்றுதானே அர்த்தம்? ஆறாவதிலிருந்து அவனைப் பார்த்த பள்ளிக்கூடம் அது. இவனை நம்பலாம் என்று ஒரு வரி எழுதித் தரக்கூடாதா?

9 ஜூன், இரவு

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் போனஃபைடு அப்படி ஒரு வரியைச் சொல்வதே இல்லை. நான் வேலூர் மாவட்டத்து அரசுப் பள்ளி அலுவலகங்களில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, உதவியாளராக ஓய்வு பெற்றவன். ஹெச்.எம். கையெழுத்துக்குப் போகும் போனஃபைடு எல்லாம் என் மேஜையில்தான் எழுதப்பட்டன. அதில் இருப்பது இவ்வளவுதான்: இந்தப் பெயருள்ள மாணவர், இன்னாருடைய மகன், இந்தக் கல்வியாண்டில், இந்த வகுப்பில், எங்கள் பள்ளியில் படிக்கிறார். கேட்டால் பிறந்த தேதியும் சேர்க்கை எண்ணும் சேரும். பையன் நல்லவனா, நாணயமானவனா, வேலைக்கு ஒழுங்காக வருவானா என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில் வராது.

உங்களுக்கு வேண்டியது வேறு. "படித்ததற்கான சான்று" என்று கேளுங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வகுப்பு, எந்தப் பயிற்று மொழி என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். டி.சி. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அதில் சேர்க்கை எண் இருக்கும். அந்த எண் கையில் இருந்தால் அலுவலகத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். எண் இல்லாமல் போனால் அவர்கள் பழைய ஏடுகளைப் புரட்ட வேண்டும். "தர முடியாது" என்ற பதில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

10 ஜூன், காலை

சொல்லைப் பற்றிக் கேட்டதால் ஒரு வரி. போனா ஃபிடே லத்தீன். நல்லெண்ணத்தோடு, வஞ்சகமில்லாமல் என்பது பொருள். ஆங்கிலத்தில் அதை "போலியில்லாத, அசல்" என்று நீட்டினார்கள். "போனா ஃபைடீஸ்" என்றால் ஒருவரின் யோக்கியதைக்கான ஆதாரங்கள் என்றும் ஆகிவிட்டது. நம் பள்ளிகளில் அது ஒரு காகிதத்தின் பெயர். சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அந்தக் காகிதத்துக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

11 ஜூன்

பலம் முத்திரையில் இல்லை. கையெழுத்திலும் முழுதாக இல்லை. சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமான, கெட்டி அட்டை போட்ட புத்தகம். விரித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே வரிசையாக ஓடும். இடது ஓரத்தில் சேர்க்கை எண், சேர்ந்த நாள், பெயர், பெற்றோர் பெயர், தொழில், முகவரி. அடுத்து பிறந்த தேதி, எண்ணிலும் எழுத்திலும். அப்புறம் சாதி, தாய்மொழி, முந்தைய பள்ளி, சேர்ந்த வகுப்பு. வலது கடைசியில் பள்ளியை விட்டு நீங்கிய நாள், டி.சி. எண். ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கை முழுவதும் ஒரே கோட்டில் முடிந்துவிடும். ஏதாவது அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் ஹெச்.எம். சுருக்கொப்பமும் தேதியும் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த வரியை வைத்து எதையும் எழுத நான் துணிய மாட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த உதவியாளர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். போனஃபைடு கேட்டு வரும் பிள்ளை எதிரிலேயே நிற்கும், வகுப்பாசிரியர் ஒரு சீட்டும் எழுதி அனுப்பியிருப்பார். ஆனாலும் ஏட்டைத் திறந்து, அந்த வரியின் மேல் அடிக்கோலை வைத்து, பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்துத்தான் எழுதுவார். "பையன் எதுர்லயே நிக்கிறானே சார், அப்பால ஏன் பார்க்கணும்?" என்று கேட்டேன். "அவன் நிக்கறது உனக்குத் தெரியுது. இந்தப் பேப்பர் எங்க போகுதோ அங்க இருக்கறவனுக்கு யார் நிக்கறாங்க?" என்றார். அதற்குப் பிறகு நான் ஏட்டைத் திறக்காமல் ஒன்றும் எழுதியதில்லை.

11 ஜூன், மாலை

ஒருவர் கேட்கிறார்: இப்போதுதான் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு) இருக்கிறதே, ஏடு எதற்கு?

எமிஸில் இருப்பதும் யாரோ ஒருவர் ஏட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்ததுதான். தட்டும்போது "செ. பிரியா" என்பது "பிரியா செ" ஆகும், இனிஷியல் அப்பாவின் பெயராக விரியும், "ஷ" போய் "ச" வரும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் போனஃபைடு எழுதுகிறவர் வேலைதான்.

13 ஜூன்

நம்பத்தகுந்தவர் என்று சொல்ல ஒரு சான்று இருக்கத்தான் செய்கிறது. நன்னடத்தைச் சான்று. அதைப் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

டி.சி.-யிலும் ஒழுக்கமும் பண்பும் பற்றி ஒரு இடம் உண்டு. அங்கே எல்லோருக்கும் "நன்று". வகுப்பில் முதல் ஆளாக வந்தவனுக்கும் நன்று, ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கும் நன்று. இதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் குணத்தை ஒரே சொல்லில் எழுதி வாழ்நாள் முழுக்க அவனோடு அனுப்பும் உரிமை யாருக்கும் கிடையாது. வேறு சொல்லை எழுதி ஒருவன் பிழைப்பைக் கெடுப்பதைவிட எல்லோருக்கும் நன்று எழுதுவதே சரி.

ஆனால் அதனால் என்ன ஆகிறது? எல்லோருக்கும் ஒரே சொல் என்றால் அந்தச் சொல் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் அதைப் பார்ப்பதில்லை, கோப்பில் வைத்துக்கொள்கிறார். போனஃபைடு அப்படி இல்லை. பெரிதாக எதையும் சொல்லாததால்தான் அது செல்லுபடியாகிறது. இந்தப் பிள்ளை எட்டாவது படிக்கிறது என்பது சரியா தப்பா என்று யாரும் வந்து ஏட்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம். நல்ல பிள்ளையா என்பதை எந்த ஏட்டில் பார்ப்பது?

14 ஜூன்

விண்ணப்பம் எப்படி எழுதுவது என்று கேட்டவருக்கு: யாருக்கு, எதற்கு என்று இரண்டும் எழுதுங்கள். பஸ் பாஸுக்கா, வங்கிக் கணக்குக்கா, கல்விக் கடனுக்கா, உதவித்தொகைக்கா. எதற்கு என்று எழுதினால் சான்றிலும் "இன்ன நோக்கத்துக்காக வழங்கப்படுகிறது" என்று வரும். வேறு எங்கும் கொண்டுபோய்க் கொடுத்துக் குழப்ப முடியாது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கொடுத்த விண்ணப்பம் எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாள் பேசப்பட்டது. "எனக்கு போன் வைஃபை சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." ஹெச்.எம். சிரித்துக்கொண்டே "வழங்கலாம்" என்று கையெழுத்து போட்டார்.

16 ஜூன்

சட்டம் படிக்கும் ஒருவர், நல்லெண்ணம் என்பதற்குச் சட்டத்தில் இலக்கணம் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, ஒன்றல்ல, இரண்டு. ஒன்றோடு ஒன்று இடிக்கவும் செய்யும். சான்று எழுதும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

1897-ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 3(22): ஒரு காரியம் உண்மையிலேயே நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால், கவனக்குறைவாகச் செய்திருந்தாலும் சரி, அது நல்லெண்ணத்தோடு செய்ததுதான்.

1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 52: உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதையும், நம்பிய எதையும், நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதே அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது.

முதலாவதன்படி, மனதில் கள்ளமில்லாமல் ஏட்டைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார். இரண்டாவதன்படி அவர் நல்லெண்ணத்தோடு செய்தவரே அல்ல. எனக்கு இரண்டாவதுதான் சரி. "நான் நல்ல மனசோடதான் சார் எழுதிக் குடுத்தேன்" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசு அவர்கள் வீட்டுக்கு. சான்றை நம்பி ஒரு முடிவு எடுக்கிறவருக்கு, எழுதியவர் பார்த்து எழுதினாரா என்பதுதான் கேள்வி. பொய் என்று தெரிந்தே சான்று கொடுத்தால் பொய்ச் சாட்சி சொன்னதற்கு உரிய தண்டனை என்று அதே தண்டனைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு சொன்னது. அது தெரிந்தே செய்கிறவனுக்கு. நான் கவலைப்படுவது தெரியாமல், பார்க்காமல், அவசரத்தில் கையெழுத்து போடுகிறவர்களைப் பற்றி. அவர்கள்தான் அதிகம்.

19 ஜூன்

"நீங்கள் சொல்வதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், மனிதாபிமானம் என்று ஒன்று வேண்டாமா" என்று ஒருவர். சரி. மனதை அறுத்த ஒன்றைச் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்கு, கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆண்டு பள்ளி அலுவலகங்களில் இருந்த கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோருக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை இங்கேதான் படித்தாள் என்ற சான்று வேண்டும்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மா மகளோடு வந்தார். முறத்தை மடியில் வைத்து வேலை செய்து செய்து ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் கறுத்துப் போயிருந்தன. ஏட்டைத் திறந்தேன். அந்தப் பெண் ஆறாம் வகுப்பில் செப்டம்பர் மாதம் சேர்ந்திருக்கிறாள். முந்தைய பள்ளி என்ற இடத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியின் பெயர். ஜூனில் அங்கே சேர்த்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் படுத்துவிட்டார், ஃபீஸ் கட்ட முடியவில்லை, எங்களிடம் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

"இன்னா சார், அந்த மூணு மாசத்த வுட்டுட்டு எழுதிக் குடுங்க. ஃபீஸு கட்ட முடியாமதானே இங்க வந்தோம்? அந்த ஸ்கூலுக்கு நாங்க குடுத்த காசுக்கு இதையும் புடுங்கணுமா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வசதியானவர் வீட்டுப் பிள்ளை அரசுப் பள்ளியை ஏமாற்றி வந்த கதையும் இல்லை. ஏழ்மைதான் அந்த மூன்று மாதத்தையும் உண்டாக்கியது, அதே ஏழ்மைக்குத்தான் இந்தத் திட்டமும். ஆறாம் வகுப்பு, செப்டம்பர் முதல் என்றுதான் எழுதினேன். ஹெச்.எம். தன் பங்குக்கு, குடும்ப நிலைமையை விளக்கி ஒரு தனிக் கடிதம் வைத்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

20 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "கல் நெஞ்சம்" என்று ஒருவர், "செய்ததுதான் சரி" என்று இன்னொருவர். இரண்டுக்கும் நடுவில்தான் நான் இருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில், எட்டாவது வரை பெரிய தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதில் எங்களிடம் வந்த பிள்ளையின் அப்பாவும் வந்தார். அவருக்கும் அதே வாசகம்தான் வேண்டும். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைக்குமாம். 2020-இல் வந்த அந்த ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்காக ஏட்டை ஒரு வரி மறைத்திருந்தால், இவருக்கு மட்டும் ஏன் மறைக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு எந்தக் காரணம் மிச்சம் இருந்திருக்கும்? என் மனசு யாரைப் பார்த்து இரங்குகிறது என்பதா?

கட்டணம் கட்ட முடியாமல் நடுவில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு விதியில் ஒரு விலக்கு இருக்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியது சட்டமன்றத்திலும் துறையிலும். எழுத்தர் மேஜையில் அல்ல.

24 ஜூன்

ஏடு, ஏடு என்கிறேன். ஏடே தப்பாக இருந்தால்? இதைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்டுவிட்டார்கள்.

பழைய ஏடுகளில் பிறந்த தேதிப் பகுதியை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தால், ஜூன் மாதம் வந்துகொண்டே இருக்கும். வட ஆற்காட்டுக் கிராமங்களில் அத்தனை பேரும் ஜூனில் பிறக்கவில்லை. பள்ளி திறப்பது ஜூனில். ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பிறப்பைப் பதிந்த வீடுகள் குறைவு. "தலைக்கு மேல கையச் சுத்திக் காதத் தொடுறா" என்பார் வாத்தியார். தொட்டால் சேர்க்கை. தேதியை அவரே கணக்குப் போட்டு எழுதிவிடுவார். அந்தத் தேதிதான் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கும், வேலைக்கும், ஓய்வுக்கும், ஓய்வூதியத்துக்கும் போயிற்று. அம்மாவுக்குத் தெரிந்தது வேறு: "பெரிய மழை வந்து ஏரி ஒடைஞ்ச வருசம், ஐப்பசி மாசம்."

இதனால்தான் போனஃபைடில் "எங்கள் பள்ளிப் பதிவேட்டின்படி" என்ற சொற்களை நான் எப்போதும் விடாமல் எழுதினேன். அவன் இந்தத் தேதியில் பிறந்தான் என்று பள்ளிக்கு எப்படித் தெரியும்? ஏட்டில் இப்படி இருக்கிறது என்பதுதான் பள்ளிக்குத் தெரியும். தெரிந்ததை மட்டும் சொல்வது. அந்தச் சொற்களை வெட்டிவிட்டு எழுதும் சான்றுகளைப் பார்த்தால் எனக்கு உறுத்தும்.

இனி இந்தச் சிக்கல் குறையும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 2023-இல் அதைத் திருத்தினார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதற்கொண்டு பிறப்புச் சான்றிதழ்தான் வயதுக்கு ஆதாரம். வாத்தியார் கணக்குப் போடும் காலம் முடிந்தது.

27 ஜூன்

வாலாஜாவிலிருந்து வந்த கேள்வி நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பொதுவானது. "என் எஸ்.எஸ்.எல்.சி.-யில் வட ஆற்காடு மாவட்டம், கல்லூரிச் சான்றில் வேலூர் மாவட்டம், ஆதாரில் ராணிப்பேட்டை மாவட்டம். வெளிநாட்டு வேலைக்குப் போனால் மூன்று ஊர்க்காரனா என்று கேட்கிறார்கள்."

வீடு மாறவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று இரண்டாக்கினார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் தலைவர்கள் பெயர் போய், வேலூர் மாவட்டம் ஆயிற்று. 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கும் இதே கதைதான், கடைசிப் பெயர் மட்டும் திருப்பத்தூர்.

பள்ளியில் போய்ப் பழைய சான்றில் மாவட்டத்தை மாற்றிக் கேட்காதீர்கள். அன்று அது வட ஆற்காடுதான், அன்றைய சான்றில் அப்படித்தான் இருக்க வேண்டும். புதிதாக வாங்கும் சான்றில் பள்ளியின் இன்றைய முகவரி வரும். சந்தேகப்படுகிறவரிடம் மாவட்டப் பிரிப்பு அரசாணையின் நகலைக் காட்டினால் போதும்.

27 ஜூன், இரவு

வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று முத்திரை குத்திய காகிதம் இன்னும் என் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டினால், அப்படி ஒரு மாவட்டம் இருந்ததா என்கிறார்கள்.

2 ஜூலை

பச்சை மை பற்றிக் கேட்டவருக்கு. முன்பெல்லாம் சான்றிதழ் நகல் என்றால் கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்திட வேண்டும். தெரிந்த டாக்டர், தெரிந்த ஹெச்.எம். என்று அலைய வேண்டும். 2014 வாக்கில் சுய சான்றொப்பமே போதும் என்று மத்திய அரசு வலியுறுத்திய பிறகு அந்த அலைச்சல் வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதில் முழு சம்மதம். அந்தக் காலத்தில் பச்சை மை போட்டவர் அசலைப் பார்த்தாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

அசலான சரிபார்ப்பு எப்படி இருக்கும் என்றால், கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையைச் சொல்ல வேண்டும். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அந்தச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் ஆள் சேர்ப்பு முகாமுக்குப் போகும் முன் பள்ளிக்கு வந்து நிற்பார்கள். புகைப்படம் ஒட்டி, அதன் மேல் பாதியும் காகிதத்தின் மேல் பாதியுமாக முத்திரை விழ வேண்டும். தேர்வானால் கதை முடியாது. கொஞ்ச நாள் கழித்துப் படைப்பிரிவிலிருந்து ஒரு கடிதம் வரும், பையன் கொடுத்த சான்றின் நகலோடு. இது உங்கள் பள்ளி கொடுத்ததா, இந்த எண்ணும் தேதியும் உங்கள் ஏட்டில் உண்டா?

அந்தக் கடிதம் வந்த நாளில் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஏட்டை எடுப்பேன். கையெழுத்தை அவர்கள் நம்பவில்லை என்று நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. கேட்டார்களே என்று சந்தோஷம்தான். ஒரு பையன் எல்லையில் நிற்கப் போகிறான், அவன் யார் என்று கேட்காமல் எடுப்பதா?

இப்போது தனியார் கம்பெனிகளும் சரிபார்ப்பு ஏஜென்சிகளை வைத்து மின்னஞ்சலில் கேட்கின்றன. அதற்கு பதில் போடுவதை வெட்டி வேலை என்று நினைக்கும் அலுவலகங்கள் உண்டு. பதில் போகாவிட்டால் அங்கே ஒரு பிள்ளையின் வேலை தொங்கிக்கொண்டிருக்கும். தயவு செய்து அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்.

5 ஜூலை

பேச்சு சத்துவாச்சாரி கோர்ட்டுப் பக்கம் போய்விட்டது. வாடகை வழக்கு நடத்தும் ஒருவர், வீட்டு ஓனருக்கு போனஃபைடு உண்டா என்று கேட்கிறார்.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அது முக்கியமான விஷயம். தனக்கே வீடு தேவை என்று ஓனர் காலி செய்யச் சொன்னால், அந்தத் தேவை மெய்யானதா, ஆளை வெளியே தள்ளச் சொல்லும் சாக்கா என்று பார்த்துத் திருப்தி அடைந்த பிறகுதான் உத்தரவு. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்ததும் பழையது போய்விட்டது. இப்போதைய வழக்குக்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பதமாக எங்களுக்குப் பழகிய சொல் மாலஃபைடு. "மாலஃபைடு டிரான்ஸ்ஃபர்" என்று சொல்லாத அரசு ஊழியர் யார்? ஆனால் மேலதிகாரியின் மனதில் இருந்த வன்மத்தைக் கோர்ட்டில் நிரூபிப்பது லேசான காரியம் இல்லை. தேதிகளை அடுக்கிக் காட்ட வேண்டும்: இந்தத் தேதியில் புகார் கொடுத்தேன், அடுத்த வாரம் மாறுதல் உத்தரவு. அங்கேயும் கடைசியில் கோப்பும் ஏடும்தான் பேச வேண்டும்.

6 ஜூலை

பி.எஸ்.டி.எம். பற்றித் தனியாக மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஆகவே இங்கேயே. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை. 2010-ஆம் ஆண்டுச் சட்டம். 2020-இல் அதைத் திருத்தி, கடைசிப் பட்டம் மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்றாக்கினார்கள். அதனால் ஒன்றாம் வகுப்புப் படித்த ஊராட்சிப் பள்ளிக்கும் போய்ச் சான்று வாங்க வேண்டும். வெறும் போனஃபைடு இதற்குச் செல்லாது, தேர்வாணையம் கொடுத்திருக்கும் படிவத்திலேயே வாங்குங்கள். வேலை அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். கோடை விடுமுறையில் ஹெச்.எம். இருக்க மாட்டார், சாவி அவரிடம் இருக்கும்.

11 ஜூலை

ஆற்காட்டுப் பக்கம் ஒரு அம்மாவின் கேள்வி: படித்த தொடக்கப் பள்ளியே இப்போது இல்லை, மூடிவிட்டார்கள். போனஃபைடுக்கு எங்கே போவது?

பள்ளி மூடினாலும் ஏடு போகக்கூடாது. வழக்கமாக வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ, பிள்ளைகளை மாற்றிச் சேர்த்த பக்கத்துப் பள்ளியிலோ ஒப்படைப்பார்கள். முதலில் பக்கத்துப் பள்ளியில் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு. மனுவில் பள்ளியின் பெயர், சேர்ந்த ஆண்டு, அப்பா பெயர், அந்தக் காலத்து வீட்டு முகவரி நான்கும் இருக்கட்டும். பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயரையே எழுதுங்கள், ஏட்டில் அதுதான் இருக்கும். மனுவின் நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மூடிய பள்ளி ஏடுகளை மூட்டையாகக் கட்டித் தரையில் போடாதீர்கள். கரையான் கீழிருந்துதான் ஏறும். பீரோ இல்லையென்றால் இரும்பு ரேக்கின் மேல் தட்டில், முதுகில் பள்ளியின் பெயரையும் ஆண்டுகளையும் ஒட்டி, நிற்க வையுங்கள்.